என்-3 சாலைக் கல்லடியும் பிபிஎஃப் ஃபிலிமும்: ஒட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஃபீனிக்ஸ், டர்பன்:

வணக்கம். வேலை காரணமாக டர்பனுக்கும் ஜொகானஸ்பர்க்குக்கும் இடையே அடிக்கடி வண்டி ஓட்டுகிறேன். ஒரு வழிக்கே சுமார் 570 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி என்-3 தேசிய நெடுஞ்சாலை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பெரும்பங்கு இந்தச் சாலை வழியாகத்தான் உள்நாட்டுக்கு ஏறுகிறது, அதனால் எந்நேரமும் முன்னால் ஒரு லாரி இருக்கும். என் பழைய வண்டியின் பானட் முனை முழுக்கக் கல்லடி. கல் தெறித்த இடத்திலெல்லாம் பெயின்ட் பெயர்ந்து புள்ளி புள்ளியாக நின்றது. நம் ஊர் உப்புக் காற்று அந்தப் புள்ளிகளில் இறங்கி, சிலவற்றில் துருவும் பிடித்துவிட்டது.

அடுத்து வாங்கியது கரோலா கிராஸ். நம் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையிலேயே செய்த வண்டி, அடர் சாம்பல் நிறம். நெடுஞ்சாலையில் ஏற்றுவதற்கு முன்பே பிபிஎஃப், அதாவது பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் நிறமற்ற ஃபிலிம், ஒட்டிவிட்டேன். முன் பம்பர், முழு பானட், முன் மட்கார்டு இரண்டும், ஹெட்லைட், பக்கக் கண்ணாடிகளின் பின்புறம், பின் சக்கரத்துக்கு முன்னால் கல் வாரியடிக்கும் பகுதி. அவ்வளவுதான். கூரைக்கும் டிக்கிக்கும் ஒட்டவில்லை. அங்கே கல் வந்து விழுவது அபூர்வம்.

பலன் தெரிந்த சம்பவத்தைச் சொல்கிறேன். வான் ரீனன் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர், மேலே தார்ப்பாய் இல்லை. அதைத் தாண்டும்போது கல் மழை. பானட்டில் விழுந்த சத்தத்திலேயே வயிறு கலங்கிவிட்டது. ஹாரிஸ்மித்தில் நிறுத்திப் பார்த்தேன். பானட் நடுவில் ஒரு வெள்ளைத் தடம், பக்கத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். விரலால் தடவினால் ஒரு இடத்தில் மட்டும் குழி தெரிந்தது. ஃபிலிமில்தான் குழி, அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. முன்கண்ணாடியில் விழுந்த கல் நட்சத்திரமாக விரிசல் விட்டிருந்தது, அதற்கு இந்த ஃபிலிம் பொறுப்பில்லை. வெயிலில் நின்ற பிறகு மெல்லிய கீறல்கள் தாமாகவே மறைந்துவிட்டன. குழி மட்டும் இன்றும் இருக்கிறது.

'தானே ஆறிக்கொள்ளும்' என்று கடைகளில் சொல்வது இதைத்தான். ஃபிலிமின் மேல்பூச்சு சூடு பட்டால் இளகிப் பழைய நிலைக்குத் திரும்பும், அதனால் கழுவும்போது விழும் நூல் போன்ற கீறல்கள் போய்விடும். ஃபிலிமையே கிழித்த வெட்டு ஆறாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதன் பூர்வீகமும் சுவையானது. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க அமெரிக்க ராணுவத்துக்காக 3எம் நிறுவனம் செய்தது, பிறகு பந்தயக் கார்களுக்கு வந்தது, அதற்கப்புறம்தான் நம் வண்டிகளுக்கு. இன்றைய ஃபிலிம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக். கனம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். கம்பெனிப் பெயின்ட்டில் அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான்தான். பெயின்ட்டைவிடக் கனமான, இழுபடும் ஒரு தோல் மேலே இருக்கிறது. கல்லின் அடியை அது ஒரே புள்ளியில் வாங்காமல் பரப்பிவிடுகிறது.

மற்றவர்கள் அனுபவம் எப்படி? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்:

தம்பி, பேனல் பீட்டிங் (வண்டியின் நசுங்கலை எடுத்து பெயின்ட் அடிக்கும்) தொழிலில் ரொம்ப காலமாக இருக்கிறேன். நீங்கள் எழுதியது சரி. நான் பார்ப்பது மறுபக்கம், அதாவது ஃபிலிமைக் கழற்றும்போது நடப்பது.

ஒருவர் பக்கி (பிக்கப் வண்டி) கொண்டுவந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பானட்டில் பிபிஎஃப். ஓரம் கிளம்பி அழுக்குப் பிடித்திருந்ததால், வீட்டு வாசலில் வைத்து, குளிர்ந்த காலை நேரத்தில், பிடித்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். ஃபிலிமோடு கிளியர் கோட்டும் பாளம் பாளமாக வந்துவிட்டது. அந்த பானட் முன்பு எங்கோ ரீபெயின்ட் ஆனது, அது அவருக்குத் தெரியாது. அடியில் சரியாகத் தேய்க்காமல் அடித்த பெயின்ட். ஃபிலிமின் பசை அந்தப் பெயின்ட்டின் பிடிப்பைவிட வலுவாக இருந்திருக்கிறது. பாவம், முழு பானட்டும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

கம்பெனிப் பெயின்ட் பெரிய சூளையில் சுட்டு இறுகியது, முறையாகக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. விபத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயின்ட் வேறு ரகம். நன்றாக அடித்திருந்தாலும், அதிலிருக்கும் கரைப்பான் முழுக்க ஆவியாகி இறுக வாரக்கணக்கில், சில வேளை இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதற்குள் ஃபிலிம் போட்டு மூடினால் ஆவி போக வழியில்லை, கொப்புளம் வரும். ஆகவே பழைய வண்டி என்றால் முதலில் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேனல் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காட்டினால் அது திரும்ப அடித்தது. ஒட்டுகிறவரிடம் மீட்டர் இல்லை, கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார் என்றால், அந்தக் கடையில் வண்டியை விட வேண்டாம்.

இன்னொன்று, கத்தி. சிலர் ஃபிலிமை வண்டி மேலேயே வைத்து பிளேடால் நறுக்குவார்கள். கை தேர்ந்தவர் செய்தால் ஓரம் மடித்து அழகாக வரும். கை நடுங்குகிறவர் செய்தால் பெயின்ட்டில் கோடு விழும். அன்றைக்கு அது தெரியாது, ஃபிலிம் எடுக்கும் நாளில்தான் தெரியும். கம்ப்யூட்டரில் வண்டி மாடலுக்கு ஏற்ப முன்கூட்டியே வெட்டிய துண்டு என்றால் அந்த பயம் இல்லை, ஆனால் ஓரத்தில் நூலிழை அளவு இடைவெளி தெரியும். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியே மேல்.

---

லெனேசியா:

அண்ணா சொன்ன அதே கழற்றும் வேலையை நானும் என் கணவரும் வீட்டிலேயே செய்தோம். எங்களுடையது பழைய வெள்ளை வண்டி. முந்தைய உரிமையாளர் எப்போதோ ஒட்டிய ஃபிலிம் பம்பரில் மஞ்சளடித்துக் கிடந்தது. அந்தக் கால ஃபிலிம்கள் வெயிலில் மஞ்சளாகும், வெள்ளை வண்டியில் அது பளிச்சென்று தெரியும். இங்கே ஜொகானஸ்பர்க் பக்கத்து ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் உயரமும் அதிகம், வெயிலும் கடுமை.

ஹேர் டிரையரால் சூடாக்கி, நுனியைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் பேனலோடு படிந்தாற்போல் பின்னால் மடக்கி, மெதுவாக இழுத்தோம். சூடு ஆறினால் நிறுத்தித் திரும்பக் காட்டினோம். பசை தங்கிய இடத்தில் பசை நீக்கும் திரவம், மைக்ரோஃபைபர் துணி. ஒரு முழு சனிக்கிழமை போயிற்று. ஆனால் அடியில் பம்பர் புதுசு மாதிரி இருந்தது. ஃபிலிம் ஒட்டாத மட்கார்டில் அத்தனை கல்லடி! பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கோடைக்கால மதியத்தில் எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை வரும். பிபிஎஃப் போட்டால் அதற்கும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பெயின்ட் பெயராமல் தப்பலாம், தகடு உள்வாங்குவதை எந்த ஃபிலிமும் தடுக்காது. அடுத்தது செராமிக் கோட்டிங். புது வண்டிக்கு ஃபிலிம் கேட்டுப் போன இடத்தில், செராமிக் போதும், கல்லும் தாங்கும் என்றார் ஒருவர். அது சில மைக்ரான் கனமே உள்ள பூச்சு. தண்ணீர் உருண்டோடும், கழுவ எளிது, பளபளப்பு நிற்கும். கல்லை அது தாங்காது. விற்பதற்காக இப்படிச் சொல்கிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

---

டோங்காட்:

எங்கள் பக்கம் லாரிக் கல்லோடு கரும்பு லாரியும் சேர்த்தி. அறுவடைக் காலத்தில் தோட்டத்து மண் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் ஒவ்வொரு லாரியும் டயரில் மண்ணும் கல்லும் கொண்டுவந்து கொட்டும். என் வண்டியில் அதிகம் அடிபடுவது பம்பர்கூட இல்லை, கதவுக்குக் கீழே உள்ள பகுதி. நம் சக்கரமே வாரியடிக்கும் கல் அது. மண் சாலையில் ஓட்டுகிறவர்கள் அந்த இடத்துக்கு ஃபிலிம் கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கடைகள் 'முன்பக்கம்' என்று சொல்லும் தொகுப்பில் அது இருக்காது.

நம் ஆட்களுக்கு மட்டும் தேவைப்படுகிற ஒரு குறிப்பு. புது வண்டி எடுத்ததும் வீரபோக எம்பெருமாள் கோயிலில் பூஜை போட்டோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அம்மா எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் கொண்டுவந்தார். எங்களுக்குக் கல்லடியும் படக்கூடாது என்பதால் பூஜைக்கு முன்பே ஃபிலிம் ஒட்டியாகிவிட்டது. ஒட்டியவர் சொல்லி அனுப்பியிருந்தார், புது ஃபிலிமில் மஞ்சளைக் குழைத்து வைக்காதீர்கள், மேல்பூச்சில் கறை இறங்கிவிடும் என்று. ஐயரிடம் சொன்னோம். சந்தனமும் குங்குமமும் முன்கண்ணாடியில் வைத்தார், பானட்டில் பூ மட்டும். தேங்காயையும் பம்பருக்கு நேராக இல்லாமல் தள்ளி உடைக்கச் சொன்னோம், ஓடு தெறிக்குமே. அம்மாவுக்கு முதலில் மனசில்லை. அப்புறம் ஐயரே, கண்ணாடியும் வண்டிதானே அம்மா என்றதும் சமாதானமாகிவிட்டார்.

மைனாவும் ஹடேடா பறவையும் எச்சமிட்டால் ஃபிலிம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள அமிலம் வெயிலில் காய்ந்தால் ஃபிலிமையும் அரிக்கும். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

---

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

நான் செலவைக் குறைக்க பானட்டின் முன் பட்டைக்கு மட்டும் ஒட்டினேன். வேலை செய்கிறது, கல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. ஆனால் ஃபிலிம் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அதில் மெழுகும் தூசியும் சேரும். கருப்பு வண்டி என்பதால் தூரத்திலிருந்தே தெரிகிறது. கையில் பணம் இருந்தால் ஃபீனிக்ஸ் நண்பர் செய்ததுபோல் முழு பானட்டும் ஒட்டிவிடுவது நல்லது.

டர்பனுக்கும் எங்கள் ஊருக்கும் இடையே என்-3 அகலப்படுத்தும் வேலை நடக்கும் பகுதிகளில் உதிரிக் கல் ஏராளம். அங்கே ஒரு கூரான கல் ஃபிலிமைத் துளைத்து பெயின்ட்டையும் தொட்டுவிட்டது. ஃபிலிம் இருந்தும் இப்படியா என்று ஒட்டியவரிடம் கேட்டேன். துளைத்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், எதையும் தாங்கும் என்று நான் சொல்லவில்லையே என்றார். நியாயம்தான்.

எனக்கு ஃபிலிமைவிட அதிகம் உதவியது இடைவெளி. மணிக்கு 120-இல் போகும்போது கல்லின் அடி 80-இல் போவதைவிட இரண்டேகால் மடங்கு, வேகத்தின் வர்க்கமாக ஏறும். திறந்த லாரியின் பின்னால் ஒட்டிப் போகாமல் பின்தங்கி, தாண்ட வழி கிடைத்தால் சட்டென்று தாண்டிவிடுகிறேன்.

ஃபீனிக்ஸ் நண்பரே, ஒட்டிய பிறகு எத்தனை நாள் கழுவாமல் இருந்தீர்கள்? உள்ளே நீர்க் குமிழ் தெரிந்ததா?

---

ஃபீனிக்ஸ், டர்பன்:

தெரிந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஃபிலிமை நகர்த்தி உட்கார வைக்கிறார்கள், பிறகு ரப்பர் கட்டையால் தண்ணீரைத் தள்ளி எடுக்கிறார்கள். மிச்சம் நிற்கும் ஈரம் தானே வெளியேறச் சில வாரம் பிடிக்கும். ஊசியால் குத்தவே கூடாது. என் வண்டியில் பம்பர் வளைவில் இருந்தவை மெல்ல மறைந்தன. தூசி மாட்டிய புள்ளி என்றால் அது மறையாது, அதைக் கடையிலேயே வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஒரு வாரம் கழுவவில்லை. பிறகும் பிரஷர் வாஷரை ஓரத்துக்கு அருகில் கொண்டுபோவதில்லை. சாலையோரம் கையால் வண்டி கழுவும் பையன்களிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று, ஓரத்தில் அடிக்காதே தம்பி என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் அழுத்தத்தில் ஓரம் ஒரு முறை கிளம்பிவிட்டால் அழுக்கு உள்ளே போகும், திரும்ப ஒட்டாது.

---

டோங்காட்:

சாட்ஸ்வொர்த் அண்ணா, ஒரு கேள்வி. என் மச்சான் வெள்ளை ஹைலக்ஸ் வைத்திருக்கிறார். பானட்டில் ஏற்கெனவே கல்லடி இருக்கிறது. இப்போது ஒட்டினால் பலன் உண்டா?

---

சாட்ஸ்வொர்த்:

உண்டு தம்பி. ஆனால் அப்படியே ஒட்டக் கூடாது. ஃபிலிம் எதையும் மறைக்காது, புள்ளிகள் அப்படியே தெரியும். துரு இருந்தால் அடியில் பரவும். முதலில் ஒவ்வொரு புள்ளியிலும் துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் வைத்து, வண்டியின் நிறக் குறியீட்டு எண்ணுக்குப் பொருந்தும் டச்-அப் பெயின்ட்டால் நிரப்பி, நன்றாக இறுகவிட்டு, மேடு இருந்தால் தேய்த்துச் சமப்படுத்தணும். அதன் பிறகு, பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) முழுக்கச் சுத்தம் செய்து ஒட்டலாம். புள்ளிகள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் பானட்டை ரீபெயின்ட் செய்து, நான் முன்பு சொன்ன மாதிரி காத்திருந்து ஒட்டுவதே நல்லது. வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எது தேவை என்று சொல்கிறேன்.