புன்னைக் கிளையின் பென்சில் படத்தில் ஒளியும் நிழலும் அமையவில்லை: உதவி தேவை

கேள்வி (வள்ளியூர்)

வணக்கம். தாவரவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் பக்கத்து மரங்களை வகைப்பாட்டுக் குறிப்புகளுடன் பென்சிலில் வரைந்து வருகிறேன். இப்போது புன்னைக் கிளை ஒன்றின் இலை, பூ, காய் மூன்றையும் ஒரே தாளில் வரைந்திருக்கிறேன். கோட்டுருவம் அளவுகளோடு பொருந்துகிறது. ஆனால் நிழல் தீட்டத் தொடங்கியதும் இலை முழுவதும் கருத்துத் தட்டையாகிவிடுகிறது, வெள்ளை இதழ்கள் அழுக்கேறித் தெரிகின்றன, காய் வெறும் வட்டமாகவே நின்றுவிடுகிறது. வடக்குச் சன்னலின் வெளிச்சம் நாள் முழுவதும் மாறாது என்று பயிற்சிக் குறிப்புகளில் படித்ததால் மேசையை அங்கே போட்டிருக்கிறேன். மாலையில் டியூப்லைட்டும் எரியும். ஆயினும் இந்த ஆனி மாதத்தில் காலையில் பார்த்த நிழல் மாலையில் வேறு பக்கம் போய்விடுகிறது. எதை முதலில் திருத்த வேண்டும்?

பதில் (பாளையங்கோட்டை)

தம்பி, முதலில் வெளிச்சத்தைத் திருத்துங்கள். வடக்குச் சன்னலில் வெயில் படாது என்பது ஐரோப்பாவுக்கு ஏற்ற விதி. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். திருநெல்வேலியோ நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஆகையால் சித்திரை பிறந்ததிலிருந்து ஏறக்குறைய ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. ஆனியில் காலையும் மாலையும் வடக்குச் சுவரில் வெயில் சாய்ந்து விழும். இந்த மாதங்களில் சன்னலை அடைத்துவிட்டு, இடப்புறம் மேலேயிருந்து விழும்படி ஒரே ஒரு மேசைவிளக்கை வைத்துக்கொள்வது நல்லது. டியூப்லைட் வேண்டாம், ஏனெனில் இரண்டு விளக்குகள் இருந்தால் இருளுக்கும் இரண்டு திசைகள் வந்துவிடும்.

இடமேற்புறத்திலிருந்து ஒளி வருவதாகக் கொள்வது தாவரப் படங்களில் நெடுநாளைய வழக்கம். ஒரு தொகுப்பின் படங்கள் அனைத்தும் ஒரே ஒளியில் இருந்தால்தான் படிப்பவர் இரண்டு இலைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கிளையின் நிழல் தாளின்மேல் விழுவதை வரையவே வேண்டாம். ஓர் இலையின் நிழல் அடுத்த இலையில் விழுவதை, எது முன்னே இருக்கிறது என்று காட்டும் அளவுக்கு மட்டும் மெலிதாகக் காட்டுங்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1840 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தொகுதிகளுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த படங்கள் கிடைத்தால் பாருங்கள். கோடு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பது அவற்றில் நன்றாகத் தெரியும்.

பதில் (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இலை தட்டையாவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். தாளில் ஏறும் கருமை இரண்டு வழியாக வருகிறது. பொருளின் சொந்த நிறம் ஒன்று. அதன் பரப்பு ஒளியை விட்டுத் திரும்பியிருப்பது மற்றொன்று. புன்னையிலை கரும்பச்சை என்பதற்காக முழுவதையும் கருக்கிவிட்டால், வளைவைச் சொல்ல வேண்டிய இருளுக்கு இடமே மிஞ்சாது. இலை வெள்ளைச் சுண்ணாம்பில் வார்த்தது போல் இருப்பதாக எண்ணிக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் பின்வாங்கி வடிவம் முன்னே வரும்.

காயில் தொடங்குங்கள். ஒளி நேராகப் படும் இடத்தில் தாளை வெறுமனே விட்டு, வெளிறிய கோடு விழும் கடினமான 2எச் பென்சிலால் சிறிது சிறிதாக அடர்த்தியை ஏற்றி, அதைவிட மென்மையும் கருமையுமான எச்பி பென்சிலில் முடியுங்கள். மிகக் கருத்த பகுதி வலப்புறக் கீழ் விளிம்பில் வராது. விளிம்புக்குச் சற்று உள்ளேதான் வரும். மேசைத்தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த விளிம்பில் மெல்லிய கீற்றாகத் தெரியும். அதை விட்டுவைத்தால் வட்டம் உருண்டையாகிவிடும். ஆனால் அந்தக் கீற்று ஒளிப்பக்கத்தைவிட வெளுத்திருக்கக் கூடாது.

வெள்ளை இதழுக்கு 2எச் பென்சில் மட்டும் போதும். இதழ் குழிந்த இடத்திலும் மகரந்தத்தாள்களின் அடியிலும் மட்டும் தொடுங்கள். இதழுக்குப் பின்னால் ஓர் இலை வரும்படி கிளையை வைத்தால், இலையின் இருளே இதழின் வெண்மையை எடுத்துக் காட்டும்.

மறுகேள்வி (வள்ளியூர்)

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. விளக்கை மாற்றியதும் காயும் பூவும் சரியாகிவிட்டன. இலையில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. புன்னையின் பக்க நரம்புகள் மிக நெருக்கமாகவும் இணையாகவும் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நிழல் வைத்தால் வளைவு தொலைந்து கோடுகள் மட்டுமே நிற்கின்றன. பளபளப்பும் வரவில்லை.

பதில் (அம்பாசமுத்திரம்)

நரம்புகளை மறந்துவிட்டு முதலில் இலையின் இரு பாதிகளையும் பாருங்கள். இலை நடு நரம்பில் மடிந்து ஓரங்கள் மேலெழுந்திருந்தால், விளக்குக்கு அருகிலுள்ள இடப்பாதி இருண்டும் எட்ட உள்ள வலப்பாதி வெளுத்தும் இருக்கும். ஏனெனில் இடப்பாதியின் முகம் விளக்கை விட்டுத் திரும்பியிருக்கிறது. பலர் இதை மாற்றித் தீட்டிவிடுவதால்தான் இலை புடைத்ததாகவோ தட்டையாகவோ தெரிகிறது. இந்தப் பெரிய வேறுபாடு நிலைத்த பிறகு, பளபளப்புக்காகத் தாளின் வெண்மையைக் கூரிய விளிம்போடு விட்டுவையுங்கள். அதன்மேல் பென்சில் ஏறிவிட்டால், பிசையக்கூடிய அழிரப்பரைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நரம்புகளை நடுத்தர அடர்த்தியுள்ள இடங்களில் மட்டும் தெளிவாக வரைந்து, மிக வெளுத்த இடத்திலும் மிக இருண்ட இடத்திலும் மங்கவிடுங்கள். நரம்பு நெருக்கம் வகைப்பாட்டுக்குத் தேவை என்பதால், இலையின் சிறு பகுதியைப் பெரிதாக்கித் தாளின் ஓரத்தில் நிழலின்றிக் கோட்டால் மட்டும் வரைந்து, அருகில் அளவைக் காட்டும் கோடு ஒன்றை இடுங்கள்.