புதுப்பிப்பு: எங்கள் லாப்ரடார் நீந்துவதற்கு இடம் கிடைத்துவிட்டது

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் லாப்ரடாரை அச்சமின்றி நீந்தவிட ஏற்ற நீர்நிலை எது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அமராவதி அணையைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் வாழ்வதால் கரைப்பக்கமே நாயைக் கொண்டுசெல்லவில்லை. வீட்டருகே உள்ள குளத்தில், பச்சைச் சாயத்தை ஊற்றியதுபோல் நீலப்பச்சைப்பாசி படர்ந்திருந்தது. அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்குபவை என்பதாலும், அந்நீரைக் குடித்தாலோ உடல் மயிரில் ஒட்டியதை நக்கினாலோ நாய் சில மணி நேரத்திலேயே இறக்கக்கூடும் என்பதாலும், அதையும் விலக்கினோம்.

இறுதியில், உறவினரின் தென்னந்தோப்பை ஒட்டி மெதுவாக ஓடும், மணற்சரிவுள்ள ஓடையைத் தேர்ந்தோம். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியின் இரண்டு தவணைகளும் முடிந்த பின்னரே, நீண்ட கயிற்றுடன் அவனை இறக்கினோம். இவ்வளவு ஆராய்ந்தும், அவன் வயிறு நனையும் ஆழத்துக்கு மேல் செல்ல மறுக்கிறான்.