லியோன்ல இருக்கற பொண்ணுக்கு உல்லன் சால்வை, ஓரம் சுருளுது, என்ன பண்ண?

லாஸ்பேட்டை அம்மா:
பொண்ணு ஃபிரான்ஸ்ல லியோன்ல படிக்கப் போயிருக்கா, செப்டம்பர்லயே காலைல குளுருதும்மான்னு போன்ல சொன்னா, அதான் தோள்ல போட்டுக்க அகலமா ஒண்ணு என் கையாலயே பின்னி அனுப்பணும்னு ஆசை. பாண்டில நேரு வீதி பக்கம் அக்ரிலிக் (செயற்கை இழை) நூல் வாங்கி 4 எம்எம் ஊசில ஒரு வரிசை நிட் (நேர் பின்னல்) ஒரு வரிசை பர்ல்னு (மறுபக்கப் பின்னல்) ஒரு முழம் போட்டுட்டேன், ரெண்டு ஓரமும் பாய் மாதிரி சுருட்டிக்குது. அயர்ன் பண்ணா சரியாகுமா?

மஞ்சக்குப்பம் நிட்டர்:
ஐயோ அயர்ன் வைக்காதீங்கக்கா, அக்ரிலிக்ல சூடு பட்டா துவண்டுடும், அப்புறம் பழையபடி வரவே வராது. சுருளறது உங்க தப்பில்ல, நீங்க போட்ட மாதிரி நிட்டும் பர்லும் மாத்தி மாத்தி போடறது ஸ்டாக்கிங் ஸ்டிட்ச், அதோட குணமே அதான். முன்னாடி பின்னாடி எல்லா வரிசையும் நிட் மட்டும் போடுங்க, கார்ட்டர் ஸ்டிட்ச், ஓரம் படிஞ்சு கிடக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், மேடு பள்ளத்துல காத்து தங்கறதால கதகதப்பும் ஜாஸ்தி. மனசு வராது, ஆனா பிரிச்சிடுங்க. கொஞ்சம் தடி நூலா எடுத்து 5.5 எம்எம் ஊசில முதல்ல சின்னதா ஒரு துண்டு போட்டு அளங்க, 10 சென்டிமீட்டருக்கு 16 கண்ணி (ஊசில ஏத்தற வளையம்) வந்தா 80 கண்ணிக்கு 50 செ.மீ அகலம். 170 செ.மீ நீளத்துக்கு 450 கிராம் கிட்ட ஆகும், 500ஆவே வாங்குங்க, லேபிள்ல டை லாட் நம்பர் (ஒரே தடவைல சாயம் போட்ட நூலுக்கான நம்பர்) ஒண்ணா இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இல்லன்னா பாதில கலர் மாறிடும்.

முத்தியால்பேட்டை:
நான் பாரிஸ்ல 6 வருஷம் இருந்தேன்மா. அங்க இலையுதிர் காலம்னா வெறும் குளிர் இல்ல, தூறலும் காத்தும் சேர்ந்து வரும். கம்பளி கொஞ்சம் நனைஞ்சாலும் சூடு விடாது, அக்ரிலிக்ல அது கிடையாது, அதனால கம்பளியே நல்லது. ஆனா படிக்கற பொண்ணு, ஹாஸ்டல் மெஷின்ல வெந்நீர்ல போட்டுட்டா சாதா கம்பளி கட்டியாகி குட்டி துண்டா சுருங்கிடும், லேபிள்ல சூப்பர்வாஷ்னு (மெஷின்ல துவைக்கற மாதிரி பதப்படுத்தின கம்பளி) போட்ருக்கறதா தேடி வாங்குங்க.

தேவனாம்பட்டினம்:
நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை கைல மெட்டல் ஊசி வழுக்கும். மூங்கில்ல வட்ட ஊசி (ரெண்டு ஊசியும் ஒரு வயர்ல சேர்ந்திருக்கும்) வாங்குங்க, பின்ன பின்ன வெயிட்டு மடில உக்காந்துக்கும், மணிக்கட்டு வலிக்காது.

லாஸ்பேட்டை அம்மா:
பிரிச்சிட்டேன்! அந்த நூல்லயே கார்ட்டர் 12 வரிசை போட்டுப் பாத்தேன், அப்படியே படுத்துக் கிடக்கு, அவ்ளோ சந்தோஷம். சூப்பர்வாஷ் நூல் அவளுக்குப் பிடிச்ச கத்திரிப்பூ கலர்ல ஆர்டர் போட்டாச்சு. ஒரு உருண்டை முடிஞ்சா அடுத்தத எங்க சேக்கணும்?

மஞ்சக்குப்பம் நிட்டர்:
வரிசை ஆரம்பத்துல சேருங்கக்கா, நடுவுல வேணாம். ரெண்டு நூல்லயும் ஒரு சாண் வால் விட்டுட்டு, கடைசில முனை மழுங்கின தையல் ஊசியால அந்த வாலை ஓரத்துக்குள்ள நுழைச்சுடுங்க.