வால்பாறையிலிருந்து காணொளியில் குழந்தையின் தோலைக் காட்டலாமா?

கேள்வி

என் மகனுக்கு 4 வயது ஆகிறது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் 8 மாதங்களாகக் கரப்பான் (எக்சிமா என்னும் அரிக்கும் தோல் அழற்சி) இருக்கிறது; இரவில் சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் இரத்தக் கறை படிகிறது. பொள்ளாச்சிக்கு இறங்கும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் அவன் பலமுறை வாந்தி எடுத்துவிடுவான். கோயம்புத்தூர் சென்று தோல் மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்கு ஒரு முழு நாளும் என் கணவரின் அன்றைய கூலியும் போய்விடுகின்றன. காணொளி வழியாகக் காட்டினால் சரியாகக் கண்டறிவார்களா? 2 மாதங்களாக அவனுடைய இடது கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்றும் தெரிகிறது. வயிற்றில் பூச்சி இருப்பதால் வந்த தேமல் என்று மாமியார் சொல்கிறார்.

பதில் 1: தோல் மருத்துவர்

அம்மா, கரப்பானைத் தாராளமாகக் காணொளியில் காட்டலாம். மடிப்புகளில் வருவது, இரவில் அரிப்பது, மாதக்கணக்கில் நீடிப்பது ஆகியவற்றைக் கேட்டும் பார்த்துமே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிட முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிவதால், முகத்தை அழகாக்கிக் காட்டும் செயலி அமைப்பு எதுவும் கைபேசியில் இயங்கக் கூடாது. எண்ணெயோ மஞ்சளோ தடவுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகே, ஃபிளாஷ் இல்லாமல், கை முழுவதும் தெரியும்படி ஒரு படமும் மிக அருகில் ஒரு படமும் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். குழந்தையின் எடையையும் சொல்லுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

கன்னத்துத் திட்டு வேறு விஷயம். கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு மெல்லிய செதில்களுடன் வரும் இத்தகைய திட்டு பெரும்பாலும் தானாகவே மறையும். அதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தொடர்பில்லை. ஆயினும் வெளிறிய திட்டு என்றாலே தொழுநோய் இல்லை என்பதை உறுதி செய்வது எங்கள் கடமை. அதற்கு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், கழுத்திலும் முழங்கையிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எந்தக் கேமராவாலும் அதைச் செய்ய இயலாது.

காய்ச்சலுடன் ஊதாப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடித் தம்ளரால் அழுத்தியும் அவை மறையாவிட்டாலோ, புது மருந்துக்குப் பிறகு வாயும் கண்ணும் புண்ணானாலோ, காணொளிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் 2: ஒரு தந்தை

என் மகளின் வயிற்றில் வட்டமாக அரிப்பு வந்தபோது மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கித் தடவினோம். ஒரு வாரத்தில் அடங்கியது, பிறகு இரண்டு மடங்காகப் பரவியது. காணொளியில் பார்த்த மருத்துவர் முதலில் அந்தக் களிம்புக் குழாயைக் காட்டச் சொன்னார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றின் விளிம்பையே அது மறைத்துவிட்டதால் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று கூறி, களிம்பை நிறுத்தச் செய்து, தோலைச் சுரண்டிச் சோதிக்க நேரில் வரவழைத்தார். பணம் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு மருந்துச் சீட்டை அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாததால்தான் இன்றுவரை அவரிடமே செல்கிறோம். இதுவரை தடவிய எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், சகோதரி.

பதில் 3: ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்

உணர்ச்சிச் சோதனைக்காக மலையிறங்க வேண்டியதில்லை. உங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே அதைச் செய்வார். அரசின் இ-சஞ்சீவனி சேவையும் கட்டணமில்லாதது. சுகாதார நிலையத்தில் இருந்தபடியே வேறிடத்து மருத்துவரிடம் பேசும் முறை அதில் உண்டு. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, குழந்தையுடன் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். மறைவிடங்களில் புண் இருந்தால் மட்டும் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், நேரில் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சுகாதார நிலையத்தில் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார்கள். தொட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் மகன் சரியாகக் காட்டினான். நரம்பிலும் தடிப்பு இல்லை. இன்று காலை காணொளியில் பேசிய மருத்துவர், குளித்த ஈரம் காய்வதற்குள் ஈரப்பதக் களிம்பு தடவச் சொல்லி, மடிப்புகளுக்கு மட்டும் குறுகிய நாட்களுக்கு ஒரு மருந்து எழுதினார். 2 வாரம் கழித்து அதே சன்னல் அருகில், அதே நேரத்தில் எடுத்த படங்களுடன் மீண்டும் பேசச் சொல்லியிருக்கிறார்.