ஊரிலிருந்து அம்மாவை ஆமி கிராஜுவேசனுக்குக் கூப்பிட நினைக்கிறவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தங்கச்சி நேற்றுக் கேட்டிருந்தார். மகன் கிறீன் காட்டோடு ஆமியில் சேர்ந்துவிட்டானாம். பயிற்சி முடிகிற விழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தன் அம்மாவைக் கூப்பிடலாமா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். போன வருடம் நான் இதையேதான் செய்தேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். என் அண்ணாவின் மகன் தென் கரோலினாவில் போர்ட் ஜாக்சன் முகாமில் பயிற்சி முடித்தான். அம்மாவுக்கு அப்போது 74 வயது. இப்போது அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக ஊருக்கு வந்திருக்கிறேன். கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. ஆமியின் அடிப்படைப் பயிற்சி 10 கிழமைதான். பிள்ளை போன பிறகு விசா வேலையைத் தொடங்கினால் நேரம் காணாது. கையெழுத்து வைத்துவிட்டான் என்று தெரிந்த அன்றே ஊரில் வேலையைத் தொடங்குங்கள். பாஸ்போட் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் டிஎஸ் 160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே அமெரிக்காவிலிருந்து இணையத்தில் நிரப்பிக் கொடுக்கலாம். விண்ணப்பத்துக்கு நாங்கள் கட்டியது 185 டொலர். நேர்முகத்துக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இரவு பஸ்ஸில் ஏற்றி விடியற்காலை இறக்கி, அப்படியே தூதரகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 400 கிலோமீற்றர் பஸ்ஸில் இருந்து வந்த மனுசிக்குக் கேள்வி கேட்டால் சொந்தப் பெயரே வாயில் வராது. முதல் நாளே போய் வெள்ளவத்தையில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும்.

காணி உறுதி, வங்கிப் புத்தகம், பென்சன் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். திரும்பி வர ஊரில் தனக்கு வீடும் வாழ்க்கையும் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் பேரனின் ஆமி விழாவுக்கு என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். 'ஆமி என்று சொன்னால் விசா தரமாட்டான்' என்று ஒரு மாமி அம்மாவைப் பயப்படுத்தி வைத்திருந்தார். அம்மா உள்ளதைத்தான் சொன்னார், விசாவும் கிடைத்தது. கனடாவில் பிரஜையாக இருக்கிற சொந்தங்களுக்கு விசா தேவையில்லை. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி எடுத்தால் போதும்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, பெயர். அண்ணாவுக்குக் குடும்பப் பெயர் என்று பதிவானது அப்பாவின் பெயர். மருமகனுக்கும் அதே பெயர்தான் தொடர்கிறது. அம்மாவின் பாஸ்போட்டில் இருப்பது அம்மம்மாவின் புருசன் பெயர், அதாவது எங்கள் தாத்தாவுடையது. எனக்கோ கலியாணத்துக்குப் பிறகு என் கணவருடைய பெயர். ஒரே குடும்பம், மூன்று குடும்பப் பெயர். வெள்ளைக்காரக் கணக்கில் நாங்கள் யாருக்கு யாரும் இல்லை. இதற்காக அண்ணாவின் பிறப்புச் சான்றிதழை நல்லூர்ப் பிரதேச செயலகத்தில் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருந்தோம். அதில் அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் இருக்கும். தூதரகத்தில் அதைக் காட்டவேண்டி வந்தது.

முகாமுக்குள் போவதற்கும் இதே கதைதான். பெரியவர்கள் எல்லோரிடமும் வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். பிரஜை இல்லாதவர்கள் வருகிறார்கள் என்றால் பிள்ளையின் கம்பனிக்கு, அதாவது அவன் பயிற்சி எடுக்கிற படைப்பிரிவுக்கு, முன்கூட்டியே தெரியப்படுத்தி, என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு முகாமுக்கும் ஒவ்வொரு நடைமுறை. பெயரைக் கொடுக்கும்போது பாஸ்போட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். வாடகைக் கார் என்றால் அதன் ஒப்பந்தத் தாளையும் எடுத்து வையுங்கள்.

டிக்கெற் எடுக்கும்போது தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. பயிற்சியில் ஏதாவது ஒரு சோதனையில் தவறினாலோ, கால் சுளுக்கினாலோ பிள்ளையைப் பின்னால் வருகிற இன்னொரு கம்பனிக்கு மாற்றிவிடுவார்கள். விழா நாளும் அதோடு தள்ளிப்போகும். பிள்ளையிடம் போன் இருக்காது. போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிட அழைப்பு, பிறகு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்றபடி கடிதம்தான். கம்பனியின் பேஸ்புக் பக்கம் இருந்தால் அதைப் பின்தொடருங்கள், படங்கள் போடுவார்கள். ஐம்பது தலைகளில் எங்கள் மொட்டைத் தலை எது என்று அண்ணி இரவு இரவாகப் பார்த்துக்கொண்டு இருப்பார். அம்மா இங்கிருந்து தமிழிலேயே கடிதம் எழுதினார். அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஒரு கடிதத்தை மூன்று நாள் வாசித்தானாம்.

சரி, இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். மேலே சொன்னதெல்லாம் தாளும் காசும். அது எப்படியோ நடந்துவிடும்.

எங்கள் அம்மாமாருக்கு 'ஆமி' என்ற சொல் எதைக் கொண்டுவரும் என்று உங்களுக்குத் தெரியும். மருமகன் சேர்ந்ததை நான்தான் போனில் சொன்னேன். அம்மா 'ஆமியிலயோ?' என்று மட்டும் கேட்டார். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் எடுக்கவில்லை. இலங்கை ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்கிய 1995 ஒக்டோபர் 30 இரவு இந்த வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மழைக்குள் எங்களையும் இழுத்துக்கொண்டு செம்மணி வழியாகச் சாவகச்சேரிக்கு நடந்தவர் அவர். அந்த வீதியில் எத்தனை இலட்சம் சனம் நின்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்காகச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி நடந்தவர். அப்படிப்பட்டவரிடம் பேரன் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்பான், வந்து கைதட்டு என்று எப்படிச் சொல்வது?

சில வீடுகளில் மறைக்கிறார்கள். படிக்கப் போயிருக்கிறான், கம்பனியில் வேலை என்று சொல்லி வைக்கிறார்கள். அது பிழை என்று நான் நேராகவே சொல்வேன். என்றாவது ஒரு நாள் யாராவது ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அன்றைக்கு உடைகிறது உடைந்ததுதான். நான் இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எடுத்திருப்பது மருத்துவப் பிரிவு, காயக்காரருக்கு மருந்து கட்டுகிற வேலை, அமெரிக்காவில் கிறீன் காட்டோடு சேர்ந்தால் பிரஜாவுரிமைக்கும் வழி இருக்கிறது, தானாக விரும்பித்தான் போனான் என்று. அம்மா கோபப்பட்டார், அழுதார், 'அவனுக்கு வேற வேலையே கிடைக்கேல்லையே?' என்றார். கோபப்படட்டும், அழட்டும். அதற்கு நேரம் கொடுங்கள். வாறன் என்று அம்மா சொல்ல ஐந்து கிழமை எடுத்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன். உங்கள் அம்மா வேண்டாம் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வருகிறார் என்று முடிவானதும் விழாவில் என்ன நடக்கும் என்பதை முன்னாலேயே காட்டுங்கள். கட்டாயம். போர்ட் ஜாக்சனில் விழாவுக்கு முதல் நாள் பமிலி டே. ஒரு பெரிய திடல், ஒரு பக்கம் மரக்கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு அதிரும், மரங்களுக்கு முன்னால் புகைக்குண்டு வெடித்து முழுத் திடலும் புகையாகும். அந்தப் புகைக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான படையினர் வருவார்கள். அமெரிக்கக்காரருக்கு அது கொண்டாட்டம், எழும்பி நின்று கூக்குரல் போடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு, மரங்களுக்குள் புகை, புகைக்குள்ளிருந்து சப்பாத்துச் சத்தம்.

நான் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஊருக்கு வந்து, இதே விறாந்தையில் வைத்து யூரியூப்பில் காட்டினேன். முதலில் சத்தத்தை முழுக்க நிறுத்தி. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ப் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டார். அடுத்த நாள் தானாகவே 'அதைத் திரும்பக் காட்டு' என்றார். மூன்றாம் நாள் மெல்லிய சத்தத்தோடு பார்த்தார். நாலைந்து தரம் பார்த்த பிறகு எந்த இடத்தில் வெடிக்கும் என்று அவரே சொல்லத் தொடங்கினார். திடலில் அந்த இடம் வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தார், ஆனால் தலையைக் குனியவில்லை. பார்த்துப் பழகியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யோசிக்கவே விருப்பமில்லை. உங்கள் அம்மாவுக்கு வெடிச்சத்தம் தாங்காது என்று தெரிந்தால் பமிலி டே தொடக்கத்தை விட்டுவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு திடலுக்குக் கூட்டிப்போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

புகை அடங்கியதும் அவர்கள் வரிசையாக அசையாமல் நிற்பார்கள். சொந்தக்காரர் யாராவது வந்து தோளில் தட்டும்வரை அசையக்கூடாது. இந்தத் தட்டலை டப் அவுட் என்பார்கள். யார் தட்டுவது என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அண்ணி அம்மாவைத்தான் போகச் சொன்னார். பிள்ளையை இவ்வளவு நாள் காணாத தாய் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததை நான் மறக்கமாட்டேன். அவனைத் தேடிப் பிடிக்கவே நேரம் எடுத்தது, எல்லோரும் ஒரே மாதிரி. அண்ணா கையைக் காட்டினார். அம்மா சேலையைக் கையால் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் நடந்துபோய் அவனுக்கு முன்னால் நின்றார். அவன் கண் நேராக எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அம்மா உடனே தட்டவில்லை. சட்டையின் வலப்பக்கத்தில் தைத்திருக்கிற பெயர்ப் பட்டியைப் பார்த்தார். அது அப்பாவின் பெயர். கலியாணம் கட்டி 48 வருடத்தில் அம்மா ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயர், அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அப்பா செத்த பிறகும் சொன்னதில்லை. ஒற்றை விரலால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தடவினார். பிறகுதான் தோளில் கை வைத்தார். அவன் 'அப்பம்மா' என்றான்.

அப்புறம் சின்ன விசயங்கள். திடல் திறந்த வெளி. கோடையில், முகாம் இருக்கிற கொலம்பியா நகரத்து வெயில் எங்கள் சித்திரை வெயிலைப் போலத்தான், மார்கழி தை மாதக் காலையில் நல்ல குளிர். சேலை கட்டலாம், ஆனால் கீழே குதி இல்லாத சப்பாத்து. நடக்கக் கஷ்டமென்றால் சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படவேண்டாம். ஊரிலிருந்து பனங்கட்டி, பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை கொண்டுவரலாம். இறைச்சி, பழங்கள், கறிவேப்பிலை வேண்டாம். கொண்டுவருவதை விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை அதை உங்களோடு இருந்து சாப்பிடலாம், தங்குமிடத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் முன்னமே சொல்லி வையுங்கள். விழா முடிந்தாலும் பிள்ளை வீட்டுக்கு வரமாட்டான். இரவு குறித்த நேரத்துக்குத் திரும்பிப் போகவேண்டும், பெரும்பாலும் அடுத்த நாளே தொழிற்பயிற்சிக்கு வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பிள்ளை ரெக்சாஸில் சான் அன்ரோனியோவுக்குப் போனான். இதை மட்டும் நான் சொல்ல மறந்துபோனேன். அம்மா அவனுக்கென்று ஒரு கிழமைக்குச் சமைக்க மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னேரம் அவனைக் கொண்டுபோய் விட்டபோது 'எப்ப வருவான்?' என்று காருக்குள் மூன்று தரம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

விழாவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அண்ணா கொடுத்துவிட்டார். அம்மா அதை முன் அறையில் மாட்டவில்லை. உள் அலுமாரியில் காணி உறுதிக்குப் பக்கத்தில், அப்பாவின் வேட்டியால் சுற்றி வைத்திருக்கிறார். நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா பேரனைப் பற்றிக் கேட்டபோது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.