12க்கு 12 அறையில் பேண்ட் பயிற்சி: பாட்டு புரியவில்லை, பேஸ் முழங்குகிறது, என்ன செய்யலாம்?

தக்கலை கீபோர்டு:

அண்ணன்மாருக்கு வணக்கம். தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஐந்து பேர் சேர்ந்து பயிற்சி எடுக்கிறோம். ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகி. கேரல் சீசன் வருகிறது, அதைத் தொட்டு ஆலயத் திருவிழா மேடைகளும் இருக்கின்றன. அதற்குள் அறையைச் சரி செய்ய வேண்டும்.

அறை 12க்கு 12 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் கூரை, பூசிய செங்கல் சுவர், தரையில் டைல்ஸ். இரண்டு ஜன்னல், ஒரு மரக்கதவு. நடுவில் ஃபேன். உள்ளே ஒரு இரும்பு அலமாரியைத் தவிர வேறு சாமான் இல்லை.

பாடகி என்ன பாடுகிறார் என்றே புரிவதில்லை. அவர் மைக்கைக் கூட்டினால் உடனே ஊளையிடுகிறது. பேஸில் சில சுரங்கள் அறையையே அதிர வைக்கின்றன, பக்கத்துச் சுரம் காணாமல் போகிறது. சிம்பல் அடித்தால் காது வலிக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். ஆன்லைனில் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தொந்தரவு குறைய வேண்டும்.

மார்த்தாண்டம் ட்ரம்ஸ்:

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம் தம்பி. வெறும் காகிதக் கூழ், கனமும் இல்லை, தடிமனும் இல்லை. உச்சத்துச் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும். பேஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதனால் ஒரு பயனும் கிடையாது. தீப்பொறி பட்டால் சுவர் முழுக்கப் பற்றும். வயரும் ஆம்ப்பும் (கிட்டார், பேஸின் ஒலிபெருக்கிப் பெட்டி) நிறைந்த அறையில் அதை ஒட்டாதீர்கள்.

நாகர்கோவில் சவுண்ட்:

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு விவரம் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, பாடகி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்? அறை நடுவில் நின்றால் பேஸ் எப்படிக் கேட்கிறது, சுவரோரம் எப்படி?

தக்கலை கீபோர்டு:

இரண்டு ஸ்பீக்கரும் ஸ்டாண்டில், பாடகிக்குப் பின்னால், சுவரோரம். பேஸ் ஆம்ப் மூலையில். நடுவில் நின்றால் பேஸ் மெலிந்து கேட்கிறது, சுவரோரம் போனால் நெஞ்சில் இடிக்கிறது. ஜி சுரமும் அதற்குக் கீழே எஃப் ஷார்ப்பும்தான் ரொம்ப மோசம்.

நாகர்கோவில் சவுண்ட்:

நீங்கள் சொன்னது அறையின் அளவோடு அப்படியே பொருந்துகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 347 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாக அடங்குவது 47 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 47 அதிர்வு) பக்கத்தில். பேஸில் கீழ் எஃப் ஷார்ப் 46, ஜி 49. இரண்டும் அந்த இடத்திலேயே விழுகின்றன. அறை சதுரம் என்பதால் நீளமும் அகலமும் ஒரே சுரத்தைத் தூக்கிவிடுகின்றன. உயரம் 10 அடி 57 ஹெர்ட்ஸைத் தூக்கும், அதனால் ஏ சுரமும் கொஞ்சம் முழங்கும். இந்த அலைக்கு அழுத்தம் சுவரோரம் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நடுவில் பேஸ் மெலிவது அதனால்தான். உங்கள் பேஸ்காரர் மேல் தவறு இல்லை.

இதை ஒரு அங்குல ஸ்பாஞ்சால் தொடக்கூட முடியாது. 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 24 அடி. மெல்லிய ஸ்பாஞ்ச் உச்சத்தை மட்டும் உறிஞ்சும், இடையும் அடியும் அப்படியே நிற்கும். முடிவில் அறை மந்தமாகவும் இருக்கும், முழங்கவும் செய்யும். ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன் என்றால் தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு. அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் காசு செலவில்லாத வேலைகள். பேஸ் ஆம்ப்பை மூலையிலிருந்து எடுங்கள். மூன்று பரப்பும் சேரும் மூலை எல்லா முழக்கத்தையும் ஒன்றாகக் கிளப்பும் இடம். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, நாற்காலி மேல் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். கிட்டார் ஆம்ப்பும் அப்படியே. ஆம்ப் முழங்காலைப் பார்த்து ஒலித்தால் வாசிப்பவர் கூட்டிக்கொண்டே போவார், மற்றவர்களும் போட்டிக்குக் கூட்டுவார்கள்.

அப்புறம் மைக். பாடகியின் மைக் சாதாரண கார்டியாய்டு (முன்னால் வரும் ஒலியை அதிகம் பிடிக்கும் வகை) என்றால் அதன் செவிட்டுப் பக்கம் வால், அதாவது வயர் வெளியே வரும் முனை. ஸ்பீக்கர் அந்த வாலைப் பார்த்து இருக்க வேண்டும். இப்போது ஸ்பீக்கர் அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் மைக்கின் வாயையே பார்க்கிறது, ஊளையிடாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கர்களை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அவர் அவற்றைப் பார்த்துப் பாடட்டும். இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் செவிட்டு இடம் நேர் பின்னால் இல்லை, பக்கவாட்டில் சுமார் 125 பாகையில் இருக்கும், ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஓரமாக்க வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் வழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். வாய் மைக்கை ஒட்டி இருக்கட்டும். ஃபேன் காற்று நேரே மைக்கில் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

ட்ரம்ஸ்தான் அந்த அறையின் அளவுகோல். மற்ற எல்லாரும் அதற்கு மேல் கேட்கத்தான் கூட்டுகிறார்கள். அதைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

மார்த்தாண்டம் ட்ரம்ஸ்:

அதை நான் சொல்கிறேன். மூங்கில் குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கிடைக்கும், ஸ்டிக்குக்குப் பதில் அதில் வாசிக்கச் சொல்லுங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) உள்ளே தலையணை, ஸ்னேர் (முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்) மேல் துணித் துண்டு, ட்ரம்ஸ் முழுவதற்கும் அடியில் தடித்த கம்பளம். மேடையில் வேகமாக அடிக்கிற பையனுக்கு முதலில் பிடிக்காது. ஆனால் மெதுவாக அடித்துத் தாளம் பிசகாமல் நிற்கிறவன்தான் நல்ல ட்ரம்மர், இதையும் பயிற்சியாகவே எடுக்கட்டும்.

எல்லாரும் காதடைப்பான் போடுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் சிம்பல் அந்த 100ஐ எளிதில் தாண்டும். கேட்கும் திறன் ஒருமுறை போனால் திரும்பாது.

நாகர்கோவில் சவுண்ட்:

இவ்வளவும் செய்த பிறகுதான் உறிஞ்சும் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வுல் (கல்லை உருக்கி நூற்ற நார்ப் பலகை), 50 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு அடுக்கு சேர்த்து 4 அங்குலம். 4க்கு 2 அடி மரச் சட்டத்தில் வைத்துத் துணி சுற்றி, சுவரை ஒட்டாமல் நாலு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளி பணம் கொடுக்காமல் கிடைக்கும் தடிமன். சில கடைகளில் பலகை ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் வரும், வாங்கிய பிறகு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள்.

எட்டுப் பலகை போதும், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ல் ஒரு சொற்பொழிவு அரங்கில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அவர் கண்ட வழிதான் இன்றும். கன மீட்டரில் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவால் (சதுர மீட்டரில்) வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம், விநாடியில். உங்கள் அறை சுமார் 41 கன மீட்டர். ஐந்து பேர் இருக்கும்போதும் ஒன்றரை விநாடி ஓடும். எட்டுப் பலகை மாட்டினால் குத்துமதிப்பாக முக்கால் விநாடிக்குக் கீழே வரும். பாட்டின் வரி புரிய அது வேண்டும்.

நான்கு செங்குத்து மூலைகளிலும் குறுக்காக ஒவ்வொன்று. பாடகிக்குப் பின் சுவரில் இரண்டு, பக்கச் சுவரில் ஒன்று, ட்ரம்ஸுக்கு மேலே கூரையிலிருந்து தொங்கலாக ஒன்று. தொங்கல் ஃபேன் இறக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதனாலும் 47 ஹெர்ட்ஸ் முழுதாகப் போகாது, கொஞ்சம் அடங்கும். மிச்சத்துக்கு ஆம்ப்பில் அந்த இடத்தை ஈக்யூவில் (அடி, இடை, உச்சத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகு) குறையுங்கள்.

குளச்சல் தச்சுவேலை:

ரெண்டு மழையும் பார்க்கிற ஊர் இது, ஜூனிலும் ஈரம், அக்டோபரிலும் ஈரம். சட்டத்துக்குப் பதப்படுத்தாத ரப்பர் தடி வாங்காதீர்கள், கரையானும் வண்டும் விடாது. அயினித் தடி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அலுமினியம். சுவரிலிருந்து இடைவெளி விடச் சொன்னது ஒலிக்கு மட்டும் இல்லை, பூஞ்சை வராமலும் காக்கும். மாடிக் கூரையில் கசிவு இருந்தால் அதை முதலில் அடையுங்கள். ராக்வுல் வெட்டும்போது மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை.

கருங்கல் கயிறு:

நார் மெத்தையும் யோசிக்கலாம். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தென்னை நார் மெத்தை நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததா? உள்ளே காற்று போகும் துளைகள் உண்டு, நாலு அங்குலம் இருந்தால் பாட்டுக்கும் சிம்பலுக்கும் நன்றாக உறிஞ்சும். அடிச் சுரத்துக்கு ராக்வுல் அளவுக்கு வராது. தீப்பிடிக்கும் பொருள், வயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

தக்கலை கீபோர்டு:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பீக்கரை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், ஊளை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றியதும் பேஸ்காரரே ஒலியைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் கிடந்த நார் மெத்தைகளை மூலைகளில் சாய்த்துப் பார்த்தோம், முதல் தடவையாகப் பாட்டின் வரிகள் புரிந்தன. எஃப் ஷார்ப் இன்னும் முழங்குகிறது. ராக்வுல் வாங்கப் போகிறேன். எந்தத் துணி சுற்ற வேண்டும்? இந்தப் பலகைகள் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைக் குறைக்குமா?

நாகர்கோவில் சவுண்ட்:

துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் போனால் சரி. ரெக்சின் வேண்டாம், அதில் காற்று போகாது.

பக்கத்து வீட்டுக்கு இது உதவாது. உள்ளே தெளிவாகக் கேட்பது வேறு வேலை, வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். செங்கல் சுவர் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஓட்டை கதவிலும் ஜன்னலிலும்தான். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் இறங்கும் சீல், பக்கத்து வீட்டைப் பார்க்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கனமான பலகைக் கதவு. அடைத்தால் புழுங்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே திறந்துவிடுங்கள். பேஸ் அப்போதும் கொஞ்சம் வெளியே போகும், அதனால் அவர்களிடம் போய் எந்த நேரம் வசதி என்று நேரில் கேளுங்கள். சட்டப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை அமைதி நேரம். நீங்கள் 8 மணிக்கே நிறுத்திவிடலாம்.