தணிப்புக் குளமும் மூவகை மண்ணும்: சில கலைச்சொற்கள்

மழை வெள்ளத்தைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, கீழே உள்ள வடிகால் ஏற்கும் அளவில் மெல்ல வெளியேற்றி, அடுத்த மழைக்குள் காலியாகிவிடும் குளம் ‘டிடென்ஷன் பாண்ட்’ எனப்படுகிறது. ஆண்டு முழுவதும் நீர் நிற்குமாறு அமைப்பது ‘ரிடென்ஷன் பாண்ட்’. இரண்டையும் ‘நீர்த்தேக்கக் குளம்’ என்றே எழுதுவதை நாம் கைவிட வேண்டும். தேக்கம் என்று பெயரிட்டால் நிரப்பி வைப்பதே முறை என்று பராமரிப்பவர் எண்ணுவார். நிரம்பிய குளமோ வெள்ளத்துக்கு உதவாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, குடிநீருக்காகத் தேக்கப்படும் செம்பரம்பாக்கம் ஏரி முன்பே ஏறத்தாழ நிரம்பியிருந்ததால், வந்த நீரை அடையாற்றில் திறந்துவிட நேர்ந்தது. தேக்குவதற்கு நீர் வேண்டும். தணிப்பதற்கு வெற்றிடம் வேண்டும்.

‘தடுப்புக் குளம்’ என்ற பரிந்துரை தடுப்பணையோடு குழப்பும். ‘தாங்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப் பெயர்களில் இன்றும் வாழ்கிறது. ஆனால் தாங்கல் என்பது பாசனத்துக்கு நீரைப் பிடித்து வைத்த சிற்றேரி என்பதால், அது நீர் நிற்கும் குளத்துக்கே பொருந்தும். வெள்ளம் ‘தணிந்தது’ என்று எல்லோரும் சொல்வதால், காலியாகும் குளத்தைத் ‘தணிப்புக் குளம்’ என்றும், வெள்ளத்துக்காக அதில் ஒதுக்கப்படும் வெற்றிடத்தைத் ‘தணிப்புக் கொள்ளளவு’ என்றும் அழைக்கலாம். உபரி நீர் வழிவதற்குக் ‘கலிங்கு’ இருக்கவே இருக்கிறது. குளத்தின் அடிமட்டத்தில் கதவின்றி எப்போதும் திறந்திருக்கும் சிறு துவாரத்தை வெறுமனே மதகு என்றால் யாரேனும் பலகை போட்டு அடைத்துவிடக்கூடும் என்பதால், அதை ‘அடைப்பிலா மதகு’ என்றே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

ஒரு கணக்கு இச்சொற்களைச் சோதித்துப் பார்க்க உதவும். 10 ஹெக்டேர் நிலம் மனைகளாக மாறும்போது ஓடுநீர்க் கெழு (பெய்யும் மழையில் நிலத்தின் மேல் ஓடிவரும் பங்கு) 0.35 இலிருந்து 0.75 ஆக உயர்கிறது என்றும், மழைச் செறிவு மணிக்கு 60 மி.மீ. என்றும் கொண்டால், உச்ச ஓட்டம் வினாடிக்கு 0.58 கன மீட்டரிலிருந்து 1.25 கன மீட்டராகிறது. நீர் வந்து சேரும் நேரம் 30 நிமிடம் எனில், இவற்றின் வேறுபாட்டை 1,800 வினாடியால் பெருக்க, தணிப்புக் கொள்ளளவு ஏறத்தாழ 1,200 கன மீட்டர் என்று கிடைக்கிறது. இது தொடக்க மதிப்பீடுதான். இறுதி வடிவமைப்புக்கு வரும் நீரையும் போகும் நீரையும் சிறுசிறு கால இடைவெளிகளில் கணக்கிட்டாக வேண்டும்.

மண்வேலைச் செலவுக்கு வரும்போது சொற்குறை இன்னும் கடுமையாக உறுத்துகிறது. தோண்டாமல் நிலத்தில் கிடக்கும் 1,200 கன மீட்டர் மண், வெட்டியதும் பொலபொலவென்று பருத்து, 25 விழுக்காடு பெருக்கம் என்று கொண்டால் 1,500 கன மீட்டராகிறது. அதையே கரையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால், நிலத்தில் கிடந்த அளவைவிட 10 விழுக்காடு சுருங்கி 1,080 கன மீட்டருக்குத்தான் வரும். லாரிக்கு 6 கன மீட்டர் என்றால், பெருக்கத்தை மறந்தவர் 200 நடை என்று எழுதுவார். உண்மையில் 250 நடை ஆகும். அந்த 50 நடையின் டீசலும் வாடகையும் யார் தலையில் விழுவது என்பதில்தான் ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் சச்சரவு தொடங்குகிறது.

‘வெட்டுமண்’ என்று ஒருவர் முன்மொழிந்ததை என்னால் ஏற்க இயலவில்லை, ஏனெனில் குழிக்குள் இருப்பதையும் குவியலாகக் கிடப்பதையும் அது ஒருசேரக் குறிக்கிறது. ஆகவே கலையாமல் கிடப்பது ‘நிலைமண்’, வெட்டி ஏற்றுவது ‘உதிரிமண்’, இறுக்கியது ‘கெட்டிமண்’ என்று வைத்துக்கொள்ளலாம். பின்னிரண்டும் வேலையாட்களின் வாயில் ஏற்கெனவே புழங்குபவை. குழியின் நடுவே ஆழம் காட்டுவதற்காக வெட்டாமல் விடும் மண்திட்டை அளந்து பெறுவது நிலைமண். லாரியின் தொட்டியை அளந்தால் கிடைப்பது உதிரிமண். அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் என்று எழுதும் இடமெல்லாம் இம்மூன்றில் ஒன்று உடன் வர வேண்டும். மதிப்பீட்டில் அது இவ்வாறு அமையும்: ‘தணிப்புக் குளத்துக்கு 1,200 கன மீட்டர் நிலைமண் தோண்டி, 270 கன மீட்டர் கெட்டிமண்ணாகக் கரை அமைத்து, எஞ்சிய 1,125 கன மீட்டர் உதிரிமண்ணை அப்புறப்படுத்துதல்.’ 270 கன மீட்டர் கெட்டிமண்ணுக்கு 300 கன மீட்டர் நிலைமண் போக, எஞ்சும் 900 கன மீட்டர் நிலைமண்ணே வெட்டியதும் 1,125 கன மீட்டர் உதிரிமண்ணாகிறது.